நாலு வீட்டு நடுக்கம்

"பார்வதம்மா, இது இன்னா பக்கெட்டு?"

மதில் சுவரின் மேல் ஏறி நின்றுகொண்டு ஜெயகரன் கேட்டான். அவன் மூக்குக்கு நேரே, இரும்புக் குழாயின் உச்சியில், நீல நிறப் பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது.

"மழை வந்துச்சேப்பா. உன் ஆன்டெனா நனையுதேன்னு நான்தான் கவுத்து வெச்சேன்" என்றார் கீழே நின்ற பார்வதம்மா. "அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா உனக்குத்தானே கஷ்டம்?"

ஜெயகரனுக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நேற்றிலிருந்து தேடிய திருடன் முதல் வீட்டிலேயே அகப்பட்டுவிட்டானே! பக்கெட்டைக் கழற்றிக் கீழே போட்டான். பின்னாலேயே தானும் தொப்பென்று குதித்தான்.

"அவ்ளோதான்மா, பிரச்சினை தீந்துச்சி."

"தீந்துச்சில்ல? கையைக் கழுவிகினு வா, இட்லி ஆறுது."

பிரச்சினை என்னவென்றால், கடிகாரம். தங்க வயலில் சுரங்கத்தை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் அடியில் வெட்டிப் போட்ட சுரங்கப் பாதைகளெல்லாம் தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. அவ்வப்போது தரை ஒரு முனகல் முனகும். அந்த முனகல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, பெங்களூர் கம்பெனி ஒன்று பாலகாட், உரிகாம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நாலு இடத்தில் நாலு வீடு பார்த்துக் கருவி வைத்திருந்தது. மதில் சுவரின் அடியில் குழி தோண்டி அதிர்வை உணரும் கருவி, சுவரில் ஒரு பெட்டி, சுவருக்கு மேலே குழாயில் ஓர் ஆன்டெனா. தரை அசைந்தால் கருவி உணரும். ஆன்டெனா சேட்டிலைட்டிடம் மணி கேட்டுச் சொல்லும். பெட்டி அதைக் குறித்துப் பெங்களூருக்கு அனுப்பும். எந்த வீடு முதலில் அசைந்தது, எது அடுத்து அசைந்தது என்ற வித்தியாசத்தை வைத்துத்தான் நடுக்கத்தின் இடத்தைக் கணக்குப் போடுவார்கள். அதற்கு நாலு பெட்டியின் கடிகாரமும் ஒரே துடிப்பாகத் துடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மாரிகுப்பத்து நடுக்கம் பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் வந்ததாகக் காட்டிவிடும்.

இந்த நாலையும் பார்த்துக்கொள்வதுதான் ஜெயகரனின் வேலை. வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும் என்றுதான் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வேலை புதுசு, ஆர்வமும் புதுசு. அவன் தினமும் போனான். சுவரேறி ஆன்டெனாவைத் துடைத்துவிட்டு, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். இப்படிக் கடமையே கண்ணாக இருந்ததில் அவன் பேண்ட் இரண்டு, இடுப்பில் ஏற மறுத்துவிட்டன.

ஆர்வத்துக்கு வேறு காரணமும் இருந்தது. இதற்கு முன்னால் பல வருஷம் அவன் விடிவதற்குள் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பி வந்தவன். மனைவி எலைன் அவனைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இப்போது இருவரும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். கல்யாணமாகி இத்தனை நாளைக்குப் பிறகுதான் அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழும் என்பதே அவனுக்குத் தெரிந்தது. இந்த மாசக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆகாவிட்டால் மறுபடியும் ரயில்தான்.

இந்த நேரத்தில்தான் கம்பெனியிலிருந்து, கருவிகளின் கணக்கைப் பார்க்கும் கன்னடக்காரி நேத்ரா மேடம் போன் செய்திருந்தாள்.

"ஜெயகரன் அவரே, தினமும் ஒரு நடுக்கம் வருது. நாலு இடத்துலயும் ஒரே ஷேப். ஆனா டைம்தான் சேரவே இல்ல. பாலகாட்ல வந்து ரொம்ப நேரம் கழிச்சு உரிகாம்ல வருது. அப்புறம் சாம்பியன், அப்புறம் மாரிகுப்பம். நிஜமான நடுக்கம்னா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நாலுலயும் வந்துடணும். கடிகாரம் எல்லாம் கெட்டுப் போயிருக்கு. சேட்டிலைட் சிக்னல் கிடைக்குதான்னு பாருங்க. இப்படியே இருந்தா மேல இருக்கறவங்க தங்க வயல் ப்ராஜெக்டே வேண்டாம்பாங்க."

பார்க்கத்தான் கிளம்பினான். பாலகாட்டில் பக்கெட். உரிகாமில் தையல்காரி வாணி ஆன்டெனாவுக்கு அளவெடுத்து, சிவப்புத் துணியில் லேஸ் வைத்து உறை தைத்துப் போட்டிருந்தாள்.

"பிளவுஸ் துணிண்ணா, மிச்சம் கீது. மொட்டையா நின்னுகினு இருந்துச்சே, பாக்க நல்லாவா கீது?"

சாம்பியனில் கோவிந்தன் அதற்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். "இந்தத் தெருவுலயே சேட்டிலைட்டு கூடப் பேசற வூடு இது ஒண்ணுதான். கண்ணு படாதா?"

மாரிகுப்பத்தில் சகாயம் அண்ணன் குழாயையே வளைத்து, ஆன்டெனாவைச் சாய்த்து வைத்திருந்தார். "ஊர்ல எல்லா டிஷ்ஷும் அந்தப் பக்கம் பாக்குது. இது மட்டும் ஒண்ணும் புரியாம ஆகாசத்தைப் பாத்துகினு கீது, பாவம்."

ஜெயகரன் உறையைக் கழற்றினான், மிளகாயை அவிழ்த்தான், குழாயை நிமிர்த்தினான். நாலு சுவர் ஏறி நாலு சுவர் இறங்கினான். நாலு வீட்டிலும் சாப்பிட்டான். வீட்டுக்கு வந்து எலைனிடம், "நாளைக்குப் பாரு, நாலும் ஒண்ணா ஓடும்" என்றான்.

மறுநாள் நேத்ரா போன் செய்து, பக்கெட், உறைக் கதையையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "டைம் இன்னும் சேரல."

சரி, காலையில் சரியாக இருந்துவிட்டு மாலையில் கெட்டுப்போகிறதோ என்று நினைத்து, அவன் காலையும் மாலையும் போய்ப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஜெயகரன் அவரே, இப்போ தினமும் ரெண்டு நடுக்கம் வருது!"

ஜெயகரன் யோசித்தான். கை எட்டுகிற உயரத்தில் ஆன்டெனா இருப்பதால்தானே ஆளாளுக்குப் பக்கெட்டும் உறையும் மாட்டுகிறார்கள்? நாலையும் கழற்றி வீட்டின் தகரக் கூரை விளிம்பில், யார் கையும் எட்டாத இடத்தில் பொருத்தினான். இதற்காக அவனே கூரைமேல் ஏற வேண்டியதாயிற்று. ஏணி கொண்டுபோக அவன் வண்டியில் இடமில்லை. சுவரேறிக் கூரைக்குப் போவதும், கூரையிலிருந்து நேரே தரைக்கு வருவதுமாக வேலை நடந்தது.

"நடுக்கம் பெரிசாகுது!" என்றாள் நேத்ரா அடுத்த நாள். குரலில் பயம் தெரிந்தது. "போன வாரத்தை விட டபுள். டைம் மட்டும் சேந்தா எங்கிருந்து வருதுன்னு சொல்லிடலாம். சீனியர் சார் கேட்டுக்கிட்டே இருக்காரு. ப்ளீஸ், கடிகாரத்தைச் சரி பண்ணுங்க."

ஜெயகரன் ராத்திரி எலைனிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் நர்சரிப் பிள்ளைகளின் படங்களுக்குக் கலர் அடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க ஒரு வேளை போனீங்க, ஒரு நடுக்கம். ரெண்டு வேளை போனீங்க, ரெண்டு நடுக்கம்" என்றாள். "கூரைமேல ஏறினீங்க, பெரிசாயிடுச்சி. கொஞ்சம் யோசிச்சிப் பாருங்க."

"இன்னா சொல்ற நீ? என்னாலதான் பூமி நடுங்குதுன்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. என் தம்பி பொண்ணுக்கு சர்ச்சுல புதுநன்மை. பங்காரப்பேட்டைக்கு எப்படியும் போகணும். நீங்க போகாத அன்னைக்கு நடுக்கம் வருதான்னு பாத்துடலாமே?"

ஜெயகரன் அவமானத்தோடு படுத்தான். ஆனாலும் அவள் சொன்னது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. விடிந்ததும் பார்வதம்மாவுக்குப் போன் செய்தான்.

"இன்னிக்கு நான் வரலம்மா. ஒரு விசேஷம். எனக்காக இட்லி வெச்சிகினு இருக்காதீங்க."

"வரலியா?" பார்வதம்மாவின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "ஆபீசுக்குச் சொல்லிட்டியா?"

"இதுக்கெல்லாம் இன்னாத்துக்கும்மா சொல்லிகினு? யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தக் காலத்துல சுரங்கத்து டைம் ஆபீஸ்ல டோக்கன் போட்டாத்தான் வேலைக்கு வந்தது தெரியும்" என்றார் பார்வதம்மா மெதுவாக. "இப்போ வானத்துல இருந்தே பாக்குறாங்க. சரி, நீ போய்ட்டு வா தம்பி. நிம்மதியா போய்ட்டு வா."

ஜெயகரன் நிம்மதியாகவே போய் வந்தான். பங்காரப்பேட்டையில் பிரியாணி நன்றாக இருந்தது. எலைன் நீலப் புடவையில் அதைவிட நன்றாக இருந்தாள். மைத்துனன் மகள் வெள்ளை கவுனில் ஓடிவந்து அவன் மடியில் ஏறிக்கொண்டாள். கடிகாரம், சேட்டிலைட் எல்லாவற்றையும் அவன் சுத்தமாக மறந்துபோனான்.

திங்கள் காலை போன் அடித்தது. ஜெயகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான்.

"நேத்தும் வந்துது" என்றாள் நேத்ரா.

"வந்துச்சா மேடம்? நாலு எடத்துலயுமா?"

"நாலுலயும். வழக்கம் போல பாலகாட்ல முதல்ல, மாரிகுப்பத்துல கடைசில. ஆனா ஷேப் மாறிடுச்சு. பாலகாட்ல ஒண்ணுக்குப் பதிலா, தொட்டுத் தொட்டு மூணு வந்திருக்கு. ஏன் இவ்வளவு சந்தோஷமா கேக்கறீங்க?"

ஜெயகரன் போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினான். "எலைன்! நேத்தும் நடுங்கிச்சாம்! நான் ஊர்லயே இல்ல, நீயே சாட்சி!"

"ஐயோ, சாரிங்க" என்று எலைன் கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். குற்றவாளி விடுதலையான சந்தோஷத்தில் அவன் ரெண்டு தோசை அதிகம் சாப்பிட்டான். பிறகுதான், அப்படியானால் பூமி நிஜமாகவே நடுங்குகிறது என்பது அவனுக்கு உறைத்தது. அடுத்த தோசை தட்டிலேயே கிடந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு பாலகாட்டுக்குப் பறந்தான். பார்வதம்மா கணுக்காலில் மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கால்ல இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ணுமில்லப்பா. லேசா சுளுக்கு."

"நேத்து நடுக்கம் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

பார்வதம்மா உள்ளே இருந்த கணவரைப் பார்த்தார். முனியப்பன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். "லேசா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சி" என்றார் பார்வதம்மா. "பெங்களூர்ல தெரிஞ்சுதாமா?"

"நல்லாத் தெரிஞ்சுதாம்."

"அப்பாடா" என்றார் பார்வதம்மா.

ஜெயகரனுக்கு இது காதில் விழவில்லை. அடுத்த வீட்டுக்கு ஓடினான். உரிகாமில் வாணி இடுப்பைப் பிடித்துக்கொண்டே மெஷின் மிதித்தாள். சாம்பியனில் கோவிந்தன் முழங்காலில் துணி சுற்றியிருந்தார். மாரிகுப்பத்தில் சகாயம் அண்ணன் நொண்டி நொண்டி வந்து கதவைத் திறந்தார். யாரைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில்.

அவன் தெருவில் நின்றபடியே நேத்ராவுக்குப் போன் செய்தான். "மேடம், நாலு எடத்துலயும் ஜனங்க விழுந்து அடிபட்டிருக்காங்க! பயந்து போய் யாரும் வாயைத் தொறக்க மாட்டேன்றாங்க!"

"தேவரே!" என்றாள் நேத்ரா. "நாளைக்கு நானே வரேன்."

வந்தாள். பெங்களூரிலிருந்து ஜீப்பில், மடியில் லேப்டாப்போடு, முகத்தில் தூக்கமில்லாமல் வந்து பார்வதம்மா வீட்டு முற்றத்தில் இறங்கினாள். அதிகாரி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டு அமலாவும் வந்தாள், அவளும் நொண்டினாள். எல்லோரும் சுவரோரமாக, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

நேத்ரா நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒரு கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது இந்த வீட்டுக் கருவி. லைவ்வா ஓடுது" என்றாள். "ஆன்டெனாவைப் பாருங்க ஜெயகரன் அவரே. இன்னிக்கும் கடிகாரம் சேரலன்னா, மன்னிச்சிடுங்க, ப்ராஜெக்டை மூட வேண்டியதுதான். சீனியர் சார் சொல்லிட்டாரு."

ஜெயகரன் சுவரேறிக் கூரைக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ரயில் பாதை தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டு, ஆன்டெனாவைத் துடைத்தான், ஒயரை இழுத்துப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "இங்க ஒண்ணும் கோளாறு இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு, கனத்த மனசோடும் கனத்த உடம்போடும் குதித்தான்.

திரையில் கோடு ஓர் எகிறு எகிறியது.

நேத்ரா திரையைப் பார்த்தாள். ஜெயகரனைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை குதிங்க" என்றாள்.

"மேடம்?"

"குதிங்கன்னா."

ஜெயகரன் ஏறினான், குதித்தான். கோடு எகிறியது. தினந்தோறும் வந்த அதே நடுக்கம், அதே மேடு, அதே வால். நேத்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்து முடியாமல், நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"வாரத்துக்கு ஒரு தடவைதானே போகச் சொன்னோம்?"

"தினமும் போனேன் மேடம். அப்புறம் ரெண்டு வேளை" என்றான் ஜெயகரன். முகம் சிவந்துபோயிருந்தது.

"பாலகாட்ல குதிச்சிட்டு, வண்டில உரிகாம் போய்க் குதிச்சிருக்கீங்க. அப்புறம் எப்படி டைம் சேரும்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகவேகமாகத் திரையைப் பின்னால் தள்ளினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். "இதோ பாருங்க. போன வாரம் விடிகாலைல நிஜமாவே ஒரு குட்டி நடுக்கம் வந்திருக்கு. நீங்க குதிச்சதுக்கு நடுவுல எங்க கண்ணுக்கே படல. நாலு கருவியும் அடுத்தடுத்து, அந்தந்தத் தூரத்துக்கு ஏத்த மாதிரி, துளி பிசகாம குறிச்சிருக்கு. உங்க கடிகாரம் நாலும் ஆரம்பத்துல இருந்தே கரெக்ட். பக்கெட்டும் துணியும் சிக்னலைத் தடுக்கவே இல்ல. வேலை பிரமாதம்! நான் இன்னிக்கே எழுதிடறேன், உங்க வேலை பர்மனென்ட். ஆனா ஒரு ஏணி வாங்கிக்குங்க."

ஜெயகரனுக்கு நாளைக் காலை டீயும் எதிரே எலைனின் கன்னத்துக் குழியும் கண்முன் வந்து நின்றன. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய் முனியப்பனைக் கட்டிப்பிடித்தான். பாதிக் கட்டிப்பிடிப்பில் அப்படியே நின்றான்.

"இருங்க மேடம். ஞாயித்துக்கிழமை நான் வரவே இல்லியே! பங்காரப்பேட்டையில பிரியாணி துன்னுகினு இருந்தேன். அன்னைக்கும் நாலு எடத்துல வந்துச்சே, அது எப்படி?"

நேத்ராவின் சிரிப்பு நின்றது. "ஆமா. பாலகாட்ல மூணு மூணா வந்துதே. அது என்ன?"

வாணி கோவிந்தனைப் பார்த்தாள். கோவிந்தன் சகாயத்தைப் பார்த்தார். சகாயம் தரையைப் பார்த்தார். கடைசியில் பார்வதம்மா மஞ்சள் பத்துக் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, நேத்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பளத்தை மட்டும் புடிச்சிடாதம்மா, தம்பி தங்கமானவன், தெனம் குதிக்கறதுதான் அவனுக்கு அட்டெண்டன்ஸுன்னு நெனச்சோம், ஆப்சென்ட் விழுந்துடப் போவுதேன்னு நான் போன் போட்டுச் சொல்லி, அவன் வர்ற வரிசைலயே நாலு வூட்லயும் நாங்கதான் அவனுக்குப் பதிலா குதிச்சோம், இங்க மட்டும் அவன் வெயிட்டுக்கு மூணு பேரு குதிக்க வேண்டியதாப் போச்சி."